ஆறிய புண்ணில் ஆறாத அரிப்பு





ஆண்களுக்குப் பட்டாடை தடுக்கப்பட்டது என்பது மதரஸாவில் ஓதும் நம் சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் நபித்தோழர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) ஆகிய இருவருக்கும் உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டு அணிந்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். இந்தச் செய்தி அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

அந்த அரிப்பு தீக்காயத்தால் வந்ததல்ல. ஆனாலும் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அரிப்புதானே, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடவில்லை. அதை உண்மையான துன்பமாக ஏற்றுக்கொண்டார்கள். அதற்காக ஒரு தடையே தளர்த்தப்பட்டது. நம் வீடுகளிலும் மஹல்லாவிலும் தீக்காயம் பட்டுத் தேறிவரும் சகோதரர்கள் அரிப்பைப் பற்றிச் சொல்லும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? இந்த மாத நலப் பாடத்தை இந்தக் கேள்வியோடு தொடங்குகிறோம். இதில் நாங்கள் செய்த தவறும் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் கற்றுக்கொண்ட விதம்

இரண்டு ரமலானுக்கு முன் நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்தில் ஒரு விபத்து நடந்தது. விறகு அடுப்பிலிருந்து இறக்கும்போது தேக்சா சரிந்து, கொதிக்கும் கஞ்சி ஒரு சகோதரரின் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே கொட்டிவிட்டது. ஊரே ஓடி வந்தது. ஆம்புலன்ஸ், மருத்துவமனை, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சை என்று எல்லாவற்றுக்கும் நம் அறக்கட்டளையும் ஜமாஅத்தாரும் துணை நின்றோம். இரண்டு மாதத்தில் புண் மூடிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, உதவிக் கோப்பில் ‘குணமானார்’ என்று எழுதி மூடி வைத்தோம்.

நான்கு மாதம் கழித்து இமாம் சாஹிப் ஒரு விஷயம் சொன்னார். அந்தச் சகோதரர் ஜும்ஆவுக்குக்கூட வருவதில்லையாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். கைலியில் ஆங்காங்கே இரத்தப் பொட்டுகள். தலையணைக்குக் கீழே பல் உடைந்த ஒரு பழைய சீப்பு. இரவில் அதை வைத்துத்தான் காலைச் சொறிகிறார். “ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் தூக்கமே இல்லீங்க. கட்டில் ஆடிக்கிட்டே இருக்கு” என்றார் அவர் மனைவி. தொழுகை வரிசையில் நிற்கும்போது காலை உரசிக்கொள்ளாமல் அவரால் நிற்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், “சொறியா பாய்?” என்று கேட்டுவிட்டு ஓர் அடி தள்ளி நின்றிருக்கிறார். அன்றோடு அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அவர் எங்களிடம் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் மனதில் இருக்கிறது: “வலிச்சப்போ எல்லாரும் வந்தீங்க. அரிக்குதுன்னு சொன்னா சிரிக்கிறாங்க பாய்.”

புண் மூடியதோடு தீக்காயம் முடிந்துவிடுவதில்லை என்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைக் கீழே தருகிறோம்.

அரிப்பு ஏன் வருகிறது?

தோல் வெறும் போர்வை அல்ல. அதற்குள் எண்ணெய்ச் சுரப்பிகள், வியர்வைச் சுரப்பிகள், மெல்லிய நரம்பு நுனிகள் எல்லாம் இருக்கின்றன. காயம் ஆழமாக இருந்தால் இவையும் சேர்ந்து கருகிவிடுகின்றன. புதிதாக மூடும் தோலில் இவை முழுமையாகத் திரும்புவதில்லை. அரிப்புக்கு நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, வறட்சி. எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லாத தோல் காய்ந்து இறுகுகிறது.

இரண்டாவது, ஹிஸ்டமின் என்ற பொருள். புண்ணை ஆற்றும் வேலையில் ஈடுபடும் சில அணுக்கள் இதை வெளியிடுகின்றன. கொசு கடித்த இடம் அரிப்பதும் இதனால்தான். தடித்து வளரும் தழும்பில் இந்த அணுக்கள் அதிகமாக இருக்கின்றன.

மூன்றாவது, நரம்பு. அறுந்த நரம்பு நுனிகள் மீண்டும் துளிர்க்கும்போது ஒழுங்கில்லாமல் வளர்ந்து, காரணம் இல்லாமலே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. எறும்பு ஊர்வது போலவும், ஊசி குத்துவது போலவும், சுடுவது போலவும் இருப்பதாகப் பலர் சொல்வது இதைத்தான். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. “ஒண்ணுமே இல்லையே, எதுக்குச் சொறியிறே?” என்று கேட்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காவது, தழும்பு. ஆறிய இடம் சிவந்து, தடித்து, மேடாக வளரும்போது அந்த இறுக்கமும் அரிப்பைக் கூட்டுகிறது.

சொறிந்தால் ஒரு நிமிடம் சுகமாக இருக்கும். சொறியும் வலி அரிப்பை மறைப்பதே அதற்குக் காரணம். ஆனால் சொறிந்த இடத்தில் மேலும் ஹிஸ்டமின் வெளிவந்து அரிப்பு இரட்டிப்பாகிறது. மெல்லிய புதுத்தோல் கிழிந்து கிருமி புகுகிறது. அந்தப் புண் ஆறும்போது மறுபடியும் அரிக்கிறது. இந்தச் சுழலை மனவுறுதியால் மட்டும் நிறுத்திவிட முடியாது.

எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம்?

அரிப்பு பெரும்பாலும் புண் மூடத் தொடங்கும் நேரத்திலேயே தொடங்குகிறது. முதல் சில மாதங்களில் கடுமையாக இருந்து, தழும்பு முதிர முதிரக் குறைகிறது. தழும்பு முதிர்ந்து, சிவப்பு மங்கி, மெத்தென்று ஆவதற்கு ஓர் ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு வரை ஆகலாம்.

வெளிநாடுகளில் தீக்காயம் பட்ட பெரியவர்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், முதல் மாதங்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு அரிப்பு இருந்தது தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்தும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு ஏதோ ஓர் அளவில் அது நீடித்தது. ஆகவே அரிப்பு இல்லாதவரைக் காண்பதுதான் அரிது. இது ஒருவரின் பலவீனமோ, பாவத்தின் தண்டனையோ, யாரோ வைத்த கண்ணேறோ அல்ல. காயத்தின் ஒரு பகுதி.

ஆழமான காயம், பரந்த காயம், ஆற மூன்று வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட காயம், தோல் ஒட்டிய இடம் ஆகியவற்றில் அரிப்பு அதிகம். ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடமும் அரிக்கும். வெப்பம், வியர்வை, முரட்டுத் துணி, கவலை, தூக்கமின்மை ஆகியவை அதைக் கூட்டும். வேலையும் பேச்சும் அடங்கிய இரவில் அது பெரிதாகத் தெரியும்.

நம் ஊரில் கத்திரி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகை தீப நேரத்திலும் ஊர் நிறைந்து வழியும்போது, ஹோட்டல்களிலும் பிரியாணிக் கடைகளிலும் டீக்கடைகளிலும் நம் சகோதரர்கள் விடிய விடிய அடுப்பின் முன் நிற்கிறார்கள். தீக்காயம் பட்டுத் தேறியவர் அதே அடுப்படிக்குத் திரும்பினால் அரிப்பும் திரும்பும். முதல் ஆறு மாதமாவது கல்லாவிலோ பரிமாறும் வேலையிலோ அவரை வைத்துக்கொள்ளும்படி கடை முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் காப்பாற்றிய நன்மை அவர்களுக்குக் கிடைக்கும்.

அளந்து பாருங்கள்

மருத்துவர்கள் ஓர் எளிய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அரிப்பே இல்லை என்றால் 0. தாங்கவே முடியாத அரிப்பு என்றால் 10. காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை அந்த எண்ணைக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மருத்துவரிடம் “ரொம்ப அரிக்குது டாக்டர்” என்பதைவிட, “பத்துக்கு எட்டு, ராத்திரியில் நாலு முறை எழுந்திரிக்கிறேன்” என்று சொன்னால் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும். மருந்து வேலை செய்கிறதா என்பதையும் அதே தாளை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஈரப்பதம். இதுவே முதல் மருந்து. மூடிய தோலில் மணம் சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியோ, மருத்துவர் சொன்ன வேறு களிம்போ ஒரு நாளைக்கு நான்கைந்து முறை பூசுங்கள். குளித்தவுடன் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே பூசினால் பலன் அதிகம். தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். திறந்த புண்ணில் மட்டும் எதையும் நீங்களாகப் பூசாதீர்கள்.

2. நீவுதல். களிம்பைப் பூசும்போது விரல் நுனியால் அழுத்தி, தழும்பின் சிவப்பு வெளிறும் அளவுக்கு மெல்ல வட்டமாக நீவுங்கள். மேலே வழுக்கித் தேய்த்தால் போதாது; அழுத்தம் உள்ளே போக வேண்டும். தோல் உறுதியாகிவிட்டது என்று மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொன்ன பிறகே தொடங்குங்கள்.

3. குளிர்ச்சி. வெந்நீர்க் குளியல் வேண்டாம். பச்சைத் தண்ணீர் அல்லது வெதுவெதுப்பான நீர் போதும். அரிப்பு கிளம்பும்போது குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வையுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்கக் கூடாது. தழும்பில் உணர்ச்சி குறைவாக இருப்பதால், தோல் கெடுவது தெரியாமலே போய்விடும்.

4. உடை. தளர்வான, பலமுறை துவைத்து மிருதுவான பருத்தித் துணியே நல்லது. நம் மாவட்டத்து ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்றது என்றாலும், நம் தேவைக்குப் பழைய பருத்திக் கைலியே போதும்.

5. நகம். ஒட்ட வெட்டி வையுங்கள். சொறியத் தோன்றும்போது உள்ளங்கையால் அழுத்துங்கள், அல்லது மெல்லத் தட்டுங்கள். தூக்கத்தில் சொறிபவர்கள் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

6. அழுத்த உடை, சிலிக்கான் பட்டை. தழும்பு தடிக்கத் தொடங்கினால் மருத்துவர் இவற்றைச் சொல்வார். அழுத்த உடையை அளவெடுத்துத் தைப்பார்கள். குளிக்கவும் களிம்பு பூசவும் மட்டும் கழற்றிவிட்டு, பகலும் இரவும் மாதக்கணக்கில் அணிய வேண்டும். நம் வெயிலில் இது சிரமம்தான். இரண்டு உடை வைத்துக்கொண்டு தினமும் துவைத்து மாற்றினால் வியர்வை அரிப்பு குறையும்.

7. வெயில். புதுத்தோலில் நேரடி வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

மருந்துக் கடையில் ‘அரிப்புக்கு ஒரு டியூப்’ என்று கேட்டு வாங்கிப் பூசுவதை அடியோடு நிறுத்துங்கள். அப்படிக் கொடுக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடர்ந்து பூசினால் தோல் காகிதம் போல மெலிந்துவிடும். நாங்கள் சந்தித்த சகோதரரும் இப்படித்தான் மூன்று டியூப் தீர்த்திருந்தார்.

மஞ்சள், எலுமிச்சைச் சாறு, கல்லுப்பு ஒத்தடம், கந்தகச் சோப்பு, குளிக்கும் நீரில் கிருமிநாசினி ஆகியவை வேண்டாம். காய்ந்த தோலை இவை மேலும் காய வைக்கும், எரிக்கும். அத்தர் பூசுவது சுன்னத்தான பழக்கம். ஆனால் தழும்பின் மேல் நேரடியாகப் பூச வேண்டாம், உடையில் பூசிக்கொள்ளுங்கள். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் தழும்பின் மேல் மருதாணி இடுவதையும் தவிருங்கள். கடையில் விற்கும் கறுப்பு மருதாணிக் கூம்புகளில் கலந்திருக்கும் சாயம் நல்ல தோலையே கொப்பளிக்க வைக்கக்கூடியது.

மாத்திரைகள்: ஒன்று கேட்கவில்லை என்றால்

பெரும்பாலும் முதலில் தருவது செடிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரை. இது ஹிஸ்டமினைத் தடுக்கும். ஆனால் மேலே சொன்ன நான்கு காரணங்களில் ஹிஸ்டமின் ஒன்று மட்டுமே. நரம்பால் வரும் அரிப்பை இந்த மாத்திரை தொடுவதில்லை. ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு “இதுக்கு மருந்தே இல்ல” என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இதற்கான பதில் நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. டெல்லி லோக் நாயக் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் டாக்டர் ராஜீவ் அஹூஜாவும் அவரது குழுவினரும் இரண்டு ஆய்வுகள் செய்தார்கள். 2011-இல் வெளியான முதல் ஆய்வில் 60 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு செடிரிசின், ஒரு குழுவுக்கு கபாபென்டின், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கொடுத்தார்கள். கபாபென்டின் என்பது நரம்பின் மேல் வேலை செய்யும் மருந்து. செடிரிசின் மட்டும் எடுத்தவர்களைவிட, கபாபென்டின் எடுத்த இரு குழுவினருக்கும் அரிப்பு மிக நன்றாகக் குறைந்தது.

2013-இல் வெளியான இரண்டாவது ஆய்வில் அதே வகையைச் சேர்ந்த பிரீகாபாலின் என்ற மருந்தை 80 பெரியவர்களிடம் சோதித்தார்கள். இலேசான அரிப்புக்கு நீவுதலும் ஒவ்வாமை மாத்திரையும் ஓரளவு போதுமானவை என்றும், நடுத்தரமான, கடுமையான அரிப்புக்கு நரம்பு மருந்து தேவை என்றும் அதில் தெரிந்தது. அரிப்பை 0 முதல் 10 வரை அளக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் எண்ணைப் பொறுத்து மருந்து மாறும்.

இந்த மருந்துகளைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள்:

* மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. மற்றவருக்கு எழுதிய மீதி மாத்திரையைப் போடக் கூடாது.
* தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும் வரலாம். பழகும்வரை டூவீலர், ஆட்டோ ஓட்ட வேண்டாம். அடுப்படியில் நிற்க வேண்டாம்.
* சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளிகள் இதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நின்றாற்போல் நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரைக்கும் அடங்காத தடித்த தழும்புக்கு, தழும்புக்குள் போடும் ஊசி, லேசர் போன்ற சிகிச்சைகள் உண்டு. இவற்றைப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் முடிவு செய்வார்.

உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்

சீழ், துர்நாற்றம், காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பு ஆகியவை கிருமித் தொற்றின் அடையாளங்கள். காயம் படாத விரல் இடுக்கிலும் இடுப்பிலும் அரிப்பு இருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. புதிய மாத்திரை தொடங்கியபின் உடம்பெங்கும் தடிப்பு வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். முட்டி, முழங்கை, கழுத்து மடக்க முடியாமல் இழுத்துக்கொண்டால் பிசியோதெரபி தாமதிக்கக் கூடாது. பல ஆண்டு பழைய தழும்பில் ஒரு புண் வந்து, வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். அரிதாக அது புற்றுநோயாக மாறியிருக்கலாம்.

உளூ, தொழுகை, நோன்பு

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு சம்பவம் வருகிறது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. சலுகை உண்டா என்று உடன் இருந்தவர்களிடம் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், தெரியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்று கடுமையாகக் கண்டித்தார்கள். காயம்பட்டவருக்கு மார்க்கம் எளிமையைத்தான் வைத்திருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

நன்கு மூடிய தோலில் தண்ணீர் படுவதால் பொதுவாகத் தீங்கு இல்லை. உளூவின் குளிர்ந்த நீர் அரிப்புக்கு இதமாகவும் இருக்கும். ஒற்றித் துடைத்தபின் களிம்பு பூசிக்கொள்ளுங்கள். தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்ன இடம் இருந்தால், கட்டின் மேல் மஸஹ் செய்வதா, தயம்மும் செய்வதா என்பதை உங்கள் மத்ஹபுக்கு ஏற்ப இமாமிடம் கேளுங்கள். அழுத்த உடையை ஒவ்வொரு வேளையும் கழற்ற வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டியில் தழும்பு இறுகியவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழுவதில் வெட்கம் வேண்டாம்.

மேலே பூசும் களிம்பால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பொதுவான கருத்து. மாத்திரை நேரங்களை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்ற முடியுமா என்பதை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். முடியாது என்றால் நோயாளிக்குள்ள சலுகையை ஏற்று, பின்னர் களாச் செய்யலாம்.

சகோதரிகளுக்கு

தீக்காயம் பட்ட பெண்களின் அரிப்பு இன்னும் மறைவானது. மார்பிலோ வயிற்றிலோ தொடையிலோ உள்ள தழும்பை யாரிடமும் காட்டாமல், கதவைச் சாத்திக்கொண்டு சொறிந்து அழுபவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைக்காகத் தேவையான அளவு காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. பெண் மருத்துவரைக் கேளுங்கள். கணவரையோ தாயாரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். பாலியெஸ்டர் புர்காவுக்குள் வெப்பம் தேங்கும் என்பதால் உள்ளே பருத்தி உடை அணியுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் கழற்றிவிட்டுக் காற்றாட இருங்கள்.

காயம் வீட்டுச் சண்டையில் பட்டது என்றால் அதையும் மறைக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181.

வீட்டாருக்கும் ஜமாஅத்தாருக்கும்

“சொறியாதே” என்று திட்டுவதால் அரிப்பு நிற்காது. அதற்குப் பதிலாக ஈரத்துணி நனைத்துக் கொடுங்கள், முதுகில் எட்டாத இடத்தில் களிம்பு பூசிவிடுங்கள், மின்விசிறிக்கு நேரே இடம் கொடுங்கள். பல இரவு தூங்காத மனிதர் எரிந்து விழுவார். அதைப் பொறுத்துக்கொள்வது வீட்டாரின் ஸப்ர். வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்ற பேச்சு வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தழும்பு ஒட்டுவாரொட்டி அல்ல. தொட்டாலும் அருகில் நின்றாலும் பரவாது. தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டிய நாம், காயம்பட்ட சகோதரரை விட்டு ஓர் அடி தள்ளி நின்றால் அவர் பள்ளியை விட்டே தள்ளிப் போய்விடுவார்.

எங்கே போவது?

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், சென்னையில் தீக்காயப் பிரிவுக்குப் பெயர்பெற்ற கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. சந்தேகம் கேட்க அரசின் 104 எண் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை வேங்கிக்காலில் உள்ள கலெக்டர் அலுவலகத்தில் பதிந்து பெறலாம். காயம் படும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே பதிந்து வையுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நம் அலுவலகத்தில் உதவுகிறோம்.

அந்தச் சகோதரர் இப்போது

மருத்துவர் மாத்திரையை மாற்றி எழுதினார். அழுத்த உடை தைத்துக் கொடுத்தார்கள். மனைவி தினமும் இருவேளை நீவிவிட்டார். காலண்டர் தாளில் 9 என்று இருந்த எண் ஆறு வாரத்தில் 4 ஆனது; இப்போது 2, சில இரவுகளில் 3. முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் தூங்குகிறார். ஜும்ஆவுக்கு வருகிறார். போன ரமலானில் கஞ்சி காய்ச்சும் இடத்தில் தேக்சாவுக்குத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று ஓர் அடி தள்ளி நின்ற சகோதரர்தான் இன்று அவரை வண்டியில் பள்ளிக்கு அழைத்து வருகிறார்.

எங்கள் தவறுக்குப் பரிகாரமாக ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். தீக்காயம் பட்டவர்களின் கோப்பைப் புண் மூடியதும் இனி மூடமாட்டோம். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று ஐந்து முறை நேரில் சென்று, அரிக்கிறதா, தூங்குகிறீர்களா என்று கேட்போம். தேவைப்படுவோருக்குக் களிம்பும் அழுத்த உடையும் மருந்துச் செலவின் ஒரு பகுதியும் தருவோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் தெரியப்படுத்துங்கள்.

வீட்டில் பேசிக்கொள்ள ஐந்து கேள்விகள்

1. புண் மூடிய பிறகும் அரிப்பதற்கு நான்கு காரணங்கள் யாவை?
2. செடிரிசின் கேட்கவில்லை என்றால் வேறு மருந்தே இல்லை என்று முடிவு கட்டலாமா? ஏன்?
3. மருந்துக் கடை டியூபை ஏன் தவிர்க்க வேண்டும்?
4. எந்த அறிகுறிகளுக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?
5. நமக்குத் தெரிந்த தீக்காயம் பட்ட ஒருவரை நாம் கடைசியாக நலம் விசாரித்தது எப்போது?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றவர்கள் நாங்கள். நீங்கள் அப்படி நிற்க வேண்டாம். இந்த வாரமே ஒரு வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நோயாளியின் துன்பத்தைச் சிறிதாக எண்ணாத உள்ளத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.